நிற்கும் மரம் அசையாச் சொத்தா?

இந்திய உரிமையியல் சட்டத்தில் சொத்து, அசையும் சொத்து, அசையாச் சொத்து என இரு வகைப்படும். நிலமும் நிலத்தோடு இணைந்தவையும் அசையாச் சொத்து. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வெட்டுமரம், வளரும் பயிர், புல் மூன்றையும் அதில் சேர்ப்பதில்லை.

வேரூன்றி நிற்கும் மரம் எப்படி அசையும் சொத்தாகும்? மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. விடை மரத்தில் இல்லை, பேரத்தின் நோக்கத்தில் இருக்கிறது. விரைவில் வெட்டி எடுக்க விற்ற தேக்கு அசையும் சொத்து. அதே தேக்கு மண்ணில் நின்று மேலும் வளர வேண்டும் என்றால் அசையாச் சொத்து. ரூ.100, அதற்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

சாந்தாபாய் என்பவர் கணவரின் ஜமீன் காடுகளில் பல ஆண்டுகள் மரம் வெட்டும் உரிமையைப் பணம் கொடுத்து எழுதி வாங்கினார், பத்திரம் பதிவாகவில்லை. ஜமீன் ஒழிப்பில் காடு அரசிடம் போனது. உச்ச நீதிமன்றம் 1958இல் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. மரங்கள் பல ஆண்டுகள் மண்ணில் வளரும் என்பதால் அது அசையாச் சொத்து, பதிவில்லாமல் உரிமை மாறாது என்றார் நீதிபதி விவியன் போஸ். மற்ற நீதிபதிகள் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தனர்.