வண்டலூரில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளை வண்டலூர் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம் தம்பி, உட்காருங்கள். டீ ஆறுவதற்குள் ஒன்று கேட்கிறேன். அங்கே எதைப் பார்க்கப் போகிறீர்கள்? ‘எல்லாவற்றையும்தான்’ என்றால் அது ஆகிற வேலை இல்லை. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 1,500 ஏக்கர். நம் மேட்டூர் அணைப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீன் வறுவல் வாங்கிக்கொண்டு திரும்புவதுபோல் அங்கே முடியாது. மதியத்துக்குள் பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிடும். இரண்டு மூன்று விலங்குகளை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

போகிற வழி எளிது. சேலத்தில் ராத்திரி பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டை வழியாகப் போய்க் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. காணும் பொங்கலை ஒட்டியும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் தலைகளைத்தான் பார்க்கலாம்.

இனி அரிய விலங்கு என்கிற விஷயத்துக்கு வருவோம். உள்ளே போனதும் ஜனம் வெள்ளைப்புலியைத்தான் தேடும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தனி இனம் இல்லை. நம் வங்கப்புலியேதான், தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் ஒரு மரபுக்கூறு வந்து சேர்ந்தால் நிறம் வெளுக்கிறது. 1951-இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து, மோகன் என்று பெயர் வைத்து வளர்த்தார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள், 1958-இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. இன்று உலகப் பூங்காக்களில் இருக்கிற வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த வழிதான். நெருங்கிய ரத்தத்திலேயே கலந்ததால் மாறுகண் போன்ற குறைகளும் கூடவே வந்தன. நிறத்துக்காக மனிதன் பெருக்கிய விலங்கை அரியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்வது சிங்கவால் குரங்கு. ‘குரங்குதானே, நம்ம பாலமலையில் இல்லாததா’ என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் நின்று பாருங்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் ஒரு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. காட்டில் மிச்சம் இருப்பவை சில ஆயிரம்தான்.

ஏன் குறைந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைக்காட்டு மரங்களின் உச்சியிலேயே வாழ்கிற சாதி அது. வெடிபலா போன்ற காட்டுப் பழங்கள்தான் ஆகாரம். தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டி நடுவில் இடைவெளி விட்டால் மரத்துக்கு மரம் தாவ வழியில்லை. ஒரு துண்டுக் காட்டில் சிக்கிய கூட்டம் அங்கேயே முடங்கிப்போகிறது. பெண் குரங்கு ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் மூன்று வருஷம்போல் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்ட நாளாகிறது.

நமக்கு அணை என்றால் என்னவென்று தெரியும். 1934-இல் கட்டி முடித்த நம் அணைக்குள் ஊர்களே மூழ்கின. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுகிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அப்படி ஓர் அணை வர இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கு இந்தக் குரங்கு வாழும் காடு. 1970-களின் கடைசியில் எழுந்த எதிர்ப்புக்கு இந்தக் குரங்குதான் முகம். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அடுத்த வருஷமே, 1985 ஜூலையில், வண்டலூர் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய பழைய சென்னை மிருகக்காட்சி சாலைதான் இட நெருக்கடியால் அங்கே மாறியது.

இப்போது வண்டலூரில் சிங்கவால் குரங்கைப் பெருக்குகிறார்கள். ஆலம்பாடி மாட்டுக்குக் காளை தேடும்போது அதே பட்டியில் பிறந்தது வேண்டாம் என்று பார்ப்போமே, அதேபோல் எந்த ஆண் யாருக்குப் பிறந்தது, எந்தப் பெண்ணோடு சேர்க்கலாம் என்று வம்சப் பதிவேடு வைத்து நடக்கிற வேலை. வெள்ளைப்புலிக்குச் செய்ததற்கு நேர் எதிர். என்னைக் கேட்டால் மிருகக்காட்சி சாலை இருப்பதற்கே நியாயம் இதுதான்.

ஆகவே கதவு திறந்ததும் முதலில் சிங்கவால் குரங்கிடம் போங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அரைமணி நேரமாவது அசையாமல் நில்லுங்கள். கன்னப் பையில் தீனியை அடைத்துக்கொண்டு மெதுவாக மெல்லுவதையும், பிடரி வளராத குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். கத்தவோ தீனி எறியவோ விடாதீர்கள். பிறகு இருட்டில் நடமாடும் விலங்குகளின் கூடம், உள்ளேயே இருக்கிற ஓட்டேரி ஏரி. மார்கழி, தையில் அங்கே வலசைப் பறவைகள் வந்திருக்கும். அம்மாவும் வருகிறார்களென்றால் பேட்டரி வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் முடியாது என்றால் முதலில் சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய் வாருங்கள். நம் காவிரியிலும் அரியவை உண்டு. 2022-இல் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள். நீர்நாய்க்கும் ஆற்று ஆமைக்கும் அது வீடு. அணைக்கு மேலே, அதே தண்ணீரில்.