மின்கிதாருக்கு மாற்றுப் பிக்கப்: சிக்கனமாகத் தேரும் முறை



திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் போன்ற பகுதிகளில் இசை என்றவுடன் வாய்ப்பாட்டும் வீணையுமே நினைவுக்கு வரும். 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியும், நவராத்திரி மண்டபக் கச்சேரிகளும் அந்நகரின் செவியைப் பண்படுத்தியவை. அத்தகைய சூழலில் வளரும் இளைஞர் ஒருவர் மின்கிதாரைக் கையிலெடுப்பின், அதிலும் கமகத்தைத் தேடுவது இயல்பே. மின்மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நம் இராகங்களை இசைத்துக் காட்டிய பின்னர், மின்கருவி நம் இசைக்குப் பொருந்துமோ என்னும் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால், குறைந்த விலைக்கு வாங்கிய கிதாரின் ஒலி மங்கியும் இரைச்சலோடும் வருமாயின் என் செய்வது? புதுக் கருவி வாங்க வசதியில்லாதார்க்குப் பிக்கப்பை மட்டும் மாற்றுதல் ஒரு வழியாகும்.

பிக்கப் என்பது யாது? நிலைக்காந்தத்தைச் சூழ, மயிரையொத்த செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிய சுருளே அது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை இதுவே. வீணையின் பித்தளைத் தந்திகளையும், நைலான் தந்திகளையும் இவ்வகைப் பிக்கப் செவ்வனே உணராது. அவற்றிற்குப் பலகையின் அதிர்வை நேரே ஏற்கும் ஒட்டுவகைப் பிக்கப்பே ஏற்றது.

கிதார்ப் பிக்கப்புகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒற்றைச் சுருளின் ஒலி தெளிவும் கூர்மையும் உடையது. ஆயின் நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி இரைச்சலையும் அது ஏற்றுக்கொள்ளும். ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருளில், ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரு சுருள்கள் இரைச்சலை அழித்து, தந்தியின் ஒலியை மட்டும் கூட்டித் தருகின்றன. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். குழல்விளக்கும் மின்விசிறியும் ஓடும் சிறு அறையில் பயில்வோர்க்கு இதுவே நலம்.

காந்தத்தின் பெயரைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ விலை மிக்கது, செராமிக் மலிவானது. மலிவு என்பதனாலேயே செராமிக் தாழ்ந்ததாகிவிடாது. சுருளின் அமைப்பும் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஓம் அளவு மிகுந்தால் ஒலி சிறக்கும் என்பதும் பிழை. சுற்றுகள் மிகுந்தால் ஒலி வலுக்கும். ஆனால் மேல்சுரங்களின் பளபளப்பு குன்றும்.

கமகம் வாசிப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது காந்த முனையை விட்டு விலகுவதால் ஒலி சற்றே தளரலாம். தனித்தனி முனைகளுக்குப் பதிலாக நீண்ட பட்டை பொருத்திய பிக்கப்பில் இக்குறை குறைவு.

வாங்குமுன் பழைய பிக்கப்பின் நீள அகலங்களையும், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உரிய முனைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுக. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் வால்யூம் குமிழ் என்பது பொது வழக்கு. வகை மாற்றுவோர் அச்செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் முன்னர், காசு செலவில்லாத சோதனைகள் சில உள. தந்திகள் துருவேறியனவா, செருகுமிடம் தளர்ந்ததா, சால்டர் விட்டுப்போயிற்றா எனப் பார்க்க. பின்னர்த் திருகாணியால் பிக்கப்பின் உயரத்தை மாற்றிப் பார்க்க. கடைசி மெட்டில் தந்தியை அழுத்திய நிலையில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி பெரும்பாலும் போதும். மிக நெருங்கினால் காந்தமே தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்த பின்னும் குறை நீங்காவிடில், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாது, அதிகம் பயன்படுத்தும் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுக. பழையதைப் பத்திரப்படுத்துக. வாங்கிய பொருள் மனத்திற்கு ஒவ்வாவிடினும், கருவி பழைய நிலைக்குத் திரும்பும், பயிற்சியும் தடைப்படாது.