ஒரு லிட்டர் பெட்ரோல் எங்கே போகிறது?

வீட்டில் கார் வாங்குவது பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதுதான். அடுத்து, "எல்லாரும் உட்காரலாமா? கொடைக்கானல் மலை ஏறுமா?" என்பார்கள் பெரியவர்கள். "ஓட்டுவதற்குச் சுறுசுறுப்பாக இருக்குமா?" என்பது இளைஞர்களின் கேள்வி. சிக்கனம் வேண்டுமென்றால் சுறுசுறுப்பை விட்டுவிட வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது சரியா? நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டே விடை காண முயல்வோம்.

பெட்ரோலில் உள்ள ஆற்றல்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 320 இலட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். ஆனால் அவ்வளவும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. சாதாரண ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 64 இலட்சம் ஜூல், சக்கரத்தை அடைவதாகக் கொள்வோம். இந்த 64 இலட்சம் ஜூலை எப்படிச் செலவிடுகிறோம் என்பதே நமது கணக்கு.

இரண்டு தடைகள்

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் காரை இரண்டு விசைகள் எதிர்க்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது அமுங்கி விரிவதால் ஏற்படும் உருள் உராய்வு. மற்றொன்று காற்றின் தடை.

ஆட்களுடன் சேர்த்து 850 கிலோகிராம் நிறையுள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 8,500 நியூட்டன். நல்ல தார்ச் சாலையில் உருள் உராய்வு, எடையில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 100 நியூட்டன் என்று கொள்ளலாம். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறாது.

காற்றின் தடை அப்படியன்று. அது வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். நமது சிறிய காருக்கு அது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 117 நியூட்டன், 80 கி.மீ. வேகத்தில் 207, 100 கி.மீ. வேகத்தில் 324.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் ஏறத்தாழ 65 கி.மீ. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை கிடைக்கும் அல்லவா? அதன்படி கணக்கிட்டால், 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 29 கி.மீ.யும், 80 கி.மீ. வேகத்தில் 21 கி.மீ.யும், 100 கி.மீ. வேகத்தில் 15 கி.மீ.யும் கிடைக்கும். எனவே மதுரை போய்ச் சேர முறையே 2.2, 3.1, 4.3 லிட்டர் பெட்ரோல் தேவை. அறுபதுக்குப் பதிலாக எண்பதில் சென்றால் நமக்கு மிச்சமாவது 16 நிமிடம். அதற்கு நாம் கொடுக்கும் விலை கிட்டத்தட்ட ஒரு லிட்டர்!

ஒரு எச்சரிக்கை: எல்லா வேகத்திலும் எஞ்சினின் பயனுறுதிறன் ஒன்றே என்று வைத்து இக்கணக்கைப் போட்டோம். உண்மையில் மெதுவாகச் செல்லும்போது அது சற்றுக் குறைவதால் வேறுபாடும் கொஞ்சம் குறையும். ஆனால் கணக்கு காட்டும் திசை மாறாது.

கிணற்று மோட்டாரும் காரும்

மணிக்கு 60 கி.மீ. என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். மொத்தத் தடை 217 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் தேவையான திறன் சுமார் 3,600 வாட், அதாவது 5 குதிரைத்திறன். நமது ஊர்த் தோட்டங்களில் கிணற்று நீரை இறைக்கும் மோட்டாரின் திறனும் இதே அளவுதான். ஒரு குடும்பத்தை மதுரைக்கு இழுத்துச் செல்ல ஒரு கிணற்று மோட்டாரின் திறன் போதும் என்பது வியப்பாக இல்லையா?

அப்படியானால் கார்களுக்கு 40, 60, 80 குதிரைத்திறன் எதற்கு? வேகத்தைக் கூட்டுவதற்கும் மேடு ஏறுவதற்கும்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு விநாடியில் வேகத்தை 50-லிருந்து 80 கி.மீ.க்கு உயர்த்த வேண்டும். 850 கிலோ காரின் இயக்க ஆற்றலை அவ்வளவு உயர்த்த ஏறத்தாழ 21 குதிரைத்திறன் வேண்டும். 1,500 கிலோ காருக்கோ 38 தேவைப்படும். தடைகளை வெல்வதற்கான திறன் இதற்கு மேல்.

சுறுசுறுப்பின் இரகசியம் இப்போது புரிகிறதா? அது எஞ்சினின் அளவில் மட்டும் இல்லை. திறனை நிறையால் வகுத்தால் வரும் ஈவில் இருக்கிறது. நிறையைக் குறைத்தால் பெட்ரோலும் மிச்சம், ஓட்டமும் துடிப்பு. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இலேசான கார் சொன்னபடி கேட்கும். மேலும், பெரிய பெட்ரோல் எஞ்சினைச் சிறிய வேலைக்குப் பயன்படுத்தினால் காற்றை உறிஞ்சும் வழியைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்க வேண்டும். மூடிய வழியாகக் காற்றை இழுப்பதிலேயே ஆற்றல் வீணாகும். வேலைக்கு ஏற்ற எஞ்சினே சிக்கனமானது.

சிறிய காரின் கதை

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் 1959-இல் வெளிவந்த மினி கார். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன்சக்கரங்களையே இயக்கினார். எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை செல்லும் நீண்ட தண்டு தேவையற்றுப் போயிற்று. அதனால் எடை குறைந்தது. மூன்று மீட்டரே நீளமுள்ள காரில் நான்கு பேர் உட்கார இடமும் கிடைத்தது.

நம் நாட்டில் பல்லாண்டு ஓடிய அம்பாசடர் காரின் 1,489 கன செ.மீ. எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்தது. காரின் நிறையோ 1,100 கிலோவுக்கு மேல். 1983 டிசம்பர் 14 அன்று அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை அதன் உரிமையாளரிடம் வழங்கினார். அதன் எஞ்சின் 796 கன செ.மீ. மட்டுமே, திறன் 40 குதிரைக்கும் குறைவு. ஆனால் நிறை 650 கிலோ அளவுதான். டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள். சிறிய காரே முன்னிற்கும்! இந்த இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-இல் முடிவுற்றது.

1998-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோ வேறொரு பாடம் கற்பித்தது. காரை நீட்டாமல் உயர்த்தினால், வேட்டி கட்டிய தாத்தாவும் குனியாமல் ஏறி அமரலாம். ஆனால் உயரம் கூடினால் காற்றைச் சந்திக்கும் முன்பரப்பும் கூடும். வசதி ஒன்றைப் பெறும்போது வேறு ஏதோ ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மலைப் பாதையில்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினால் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் கூடுகிறது. 850 கிலோ காரின் நிலை ஆற்றல் 153 இலட்சம் ஜூல் உயரும். உயரத்துக்கு மட்டுமே 2.4 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 1,500 கிலோ காருக்கு 4.2 லிட்டர்.

இறங்கும்போது இந்த ஆற்றல் எங்கே போகிறது? பாதியளவைக் காற்றும் டயரும் எடுத்துக்கொண்டாலும், மீதியைப் பிரேக்கின் மீதே சுமத்தினால் என்ன ஆகும்? 25 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அங்கே தோன்றும்! பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரை நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, ஆபத்தும் கூட. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். இக்காலக் கார்களில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருள் பாய்வதும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். மின்சாரக் கார்களும் ஹைப்ரிட் கார்களும் இன்னொரு படி மேலே போய், இறங்கும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் மீண்டும் சேமிக்கின்றன.

இலேசு என்றால் பாதுகாப்பு?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 15 மீட்டரில், கார் ஒரு சுவரில் மோதுகிறது. காரின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி, அந்தத் தூரத்தில் கார் நின்றால், பெல்ட் அணிந்தவர் மீது செயல்படும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 23 மடங்கு. கால் மீட்டரில் நின்றால் 46 மடங்கு. ஆகவே முன்பகுதி ஒழுங்காக நசுங்க வேண்டும். ஆட்கள் அமரும் கூடு நசுங்கவே கூடாது. இதற்கு வலுவான எஃகும் நல்ல வடிவமைப்பும் தேவை. எடை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சிறிய கார்கள் ஐந்தை மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நமது சொந்த மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கூடுதலாக ஓர் ஐம்பது கிலோ எடை நம் வீட்டாரின் உயிரைக் காக்குமானால், லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் அது நட்டமன்று. வேகத்தின் இருமடி இங்கும் வருவதைக் கவனியுங்கள். பெட்ரோலைக் குடிப்பதும் அதுதான். விபத்தைக் கொடிதாக்குவதும் அதுதான். மிதமான வேகம் இரண்டையும் ஒருங்கே குறைக்கிறது.

ஆகவே கார் தேர்வு செய்யும்போது இந்த வரிசையில் கேட்கச் சொல்லுங்கள்: மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? நிறை எவ்வளவு? அந்த நிறைக்குத் திறன் எவ்வளவு? வீட்டில் எல்லாரும் ஏறி இறங்க எளிதா? விளம்பரத்தில் காணும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் அளந்தது என்பதால் அதைக் கடைசியில் பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கார் இருந்தால் டேங்கை நிரப்பச் சொல்லி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 300 கி.மீ. ஓடிய பின் அதே பங்கில் மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரியும். பிறகு டயர்களின் காற்றழுத்தத்தைக் காரில் குறிப்பிட்டுள்ள அளவுக்குச் சரிசெய்து, அதே பாதையில் அதே வேகத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு விடைகளும் வேறுபட்டால், மேலே சொன்ன இரண்டு தடைகளில் எது மாறியது? காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.