கிண்ண ரம்பம்

நம் கல்லூரி மலரில் அறிவியல் கட்டுரை எழுதும் நண்பர்கள் அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் எழுதப் போவது ஓர் ஓட்டையைப் பற்றி. சிரிக்க வேண்டாம். ஓர் ஓட்டையைச் சரியாகப் போடுவதற்கு எவ்வளவு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சீட்டுப் பணம் வந்ததும் அம்மா ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், குடம் தூக்கும் வேலை ஒழிய வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. தொட்டியின் அடிப்பக்கத்தில் துளையிட்டு ஓர் அங்குலக் குழாய் இணைக்க வேண்டும். பிளம்பரை அழைக்கலாம் என்றேன். “பி.எஸ்சி. படிக்கிற பிள்ளை வீட்டுல இருக்கு, ஓர் ஓட்டைக்கு ஆள் எதுக்கு?” என்று அப்பா கேட்டுவிட்டார். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

மரத்தில் துளையிட நம் ஆசாரிமார் துறப்பணம் வைத்திருந்தார்கள். வில்லின் கயிற்றை அதில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் அலகு சுழலும். நம் கடற்கரையில் எடுத்த முத்துக்களைத் துளைத்தவர்கள் கையாண்டதும் இந்த முறைதான். ஆனால் அலகு எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் துளை. பெரிய துளை வேண்டுமானால் உள்ளே இருக்கும் பொருள் முழுவதையும் தூளாக்கியாக வேண்டும். ஏன் தூளாக்க வேண்டும், ஓரத்தை மட்டும் அறுத்தால் நடுப்பகுதி தானே கழன்று விழாதா என்ற எண்ணம் பழைய எகிப்தியருக்கே தோன்றியிருக்கிறது. அவர்கள் செம்புக் குழாயைச் சுழற்றி, அதன் விளிம்பில் மணலை இட்டு, கருங்கல்லையும் துளைத்தார்கள்.

அந்தக் குழாயின் இன்றைய வடிவத்தைத்தான் கடையில் ‘ஹோல் சா’ என்கிறார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் வாயில் ரம்பப் பல் வெட்டியது போல இருப்பதால் நான் இதைக் கிண்ண ரம்பம் என்பேன். நடுவில் கிண்ணத்தின் விளிம்பைவிடச் சற்று நீண்ட ஒரு சிறு அலகு உண்டு. அது முதலில் பொருளில் இறங்கி மையத்தைப் பிடித்துக்கொள்ளும்; கிண்ணம் அதைச் சுற்றி வட்டம் போடும். 32 மி.மீ. கிண்ணத்தின் பல் 2 மி.மீ. அகலம் அறுப்பதாகக் கொள்வோம். முழு வட்டத்தின் பரப்பு 804 சதுர மி.மீ.; அறுபடும் வளையத்தின் பரப்பு 188 மட்டுமே. அதாவது கால் பங்குக்கும் குறைவான பொருளைத்தான் நாம் தூளாக்குகிறோம். வீட்டு டிரில்லிங் மிஷின் பெரிய துளையைப் போட முடிவதன் இரகசியம் இதுதான்.

நான் 250 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். 26 முதல் 63 மி.மீ. வரை ஏழு வளையங்கள். எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான். இவ்வளவு மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் கார்பன் எஃகு. மரம், பிளைவுட், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். இரும்புத் தகட்டில் வைத்தால் வெப்பம் ஏறிப் பல் நீலம் பாரிக்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் தோன்றும் அந்நிறம், எஃகின் கடினம் இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். இரும்புக்கு ‘பைமெட்டல்’ வாங்க வேண்டும். அதில் பல் மட்டும் 600 பாகை வரை தாங்கும் அதிவேக எஃகு. உடல் வளைந்து கொடுக்கும் சாதாரண எஃகு. தரை ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் பல்லே உதவாது. விளிம்பில் வைரத்தூள் பதித்ததை வாங்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

மலிவானதை வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. வளையத்தைத் தலையில் மாட்டி விரலால் சுழற்றினால் விளிம்பு தள்ளாடக் கூடாது. பற்கள் ஒன்று விட்டு ஒன்று உள்ளும் வெளியுமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அறுத்த இடுக்கிலேயே ரம்பம் சிக்கிக்கொள்ளும். நடு அலகைத் திருகைத் தளர்த்திக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். இதன் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் டிரில்லிங் மிஷின் இரவல் வாங்கினேன். ஓர் அங்குலம் என்றால் 25.4 மி.மீ. என்பது எட்டாம் வகுப்புப் பாடம். எனவே 26 மி.மீ. வளையத்தை மாட்டினேன். “பாத்துப் போடுல” என்றார்கள் அம்மா. துளை அழகாகவே விழுந்தது. பெருமையோடு கனெக்டரை எடுத்து வைத்தேன். நுழையவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை.

குழாய்க் கணக்கில் ஓர் அங்குலம் என்பது பெயர்தான். அது பழைய இரும்புக் குழாயின் உட்புறத்தை ஒட்டி வந்த பெயர். அதன் மேலுள்ள திருகின் வெளிவிட்டம் 33.2 மி.மீ. அரை அங்குலத் திருகு ஏறத்தாழ 21 மி.மீ., முக்கால் அங்குலத் திருகு 26.4 மி.மீ. பொருளைக் கையில் வைத்து அளந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். செய்முறைத் தேர்வில் வெர்னியர் அளவியைப் பிடித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

இனித் துளையைப் பெரிதாக்கத்தான் வேண்டும். 32 மி.மீ. வளையத்தை மாட்டினேன். ஆனால் மையத்தைப் பிடிக்க அங்கே பொருளே இல்லை. நடு அலகு வெற்று ஓட்டையில் தொங்கியது. வளையம் துள்ளித் தொட்டியின் மேல் ஒரு கீறல் போட்டது. மிஷினும் கையைத் திருகப் பார்த்தது. திருப்புவிசை ஆரத்தோடு கூடும் என்று வகுப்பில் எழுதியதை என் மணிக்கட்டு அன்று சரிபார்த்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெருமுனையில் இருக்கும் ஆசாரி அண்ணாச்சியிடம் ஓடினேன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். “தம்பி, ஓட்டை விழுந்த எடத்துல ஊசி எங்க போய் நிக்கும்? உள்ள பிடிக்க இல்லன்னா வெளிய பிடி” என்றார். ஒரு பிளைவுட் துண்டில் முதலில் 32 மி.மீ. துளை போட்டோம். அந்தத் துண்டைத் தொட்டித் துளையின் மேல் நடுவாக வைத்து அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடு அலகைக் கழற்றிவிட்டு, பிளைவுட் துளைக்குள்ளேயே வளையத்தை இறக்கினேன். சுற்றிலும் மரம் பிடித்துக்கொண்டதால் அது துள்ளவில்லை. மீதி ஒரு மில்லிமீட்டரை அரைவட்ட அரத்தால் தேய்த்து எடுத்தோம். கனெக்டர் இறுக்கமாக நுழைந்தது. ரப்பர் வாசரை வைத்து முடுக்கினோம். தொட்டியில் விழுந்த பிளாஸ்டிக் தூளை அம்மா மூன்று தரம் கழுவி ஊற்றினார்கள். கீறல் இருக்கிறது, கசிவு இல்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 10 மி.மீ. அலகின் விளிம்பு 31 மீட்டர் ஓடும். அதே சுற்றில் 63 மி.மீ. வளையத்தின் விளிம்பு 198 மீட்டர் ஓடும். எனவே வளையம் பெரிதாகப் பெரிதாகச் சுற்றைக் குறைக்க வேண்டும். விசையை முழுவதும் அழுத்தினால் மரம் கருகும், பிளாஸ்டிக் உருகிப் பல்லில் ஒட்டும். கொஞ்சம் அறுத்து வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். கதவில் பூட்டுக்குத் துளையிடும்போது நடு அலகு மறுபுறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தால் மரம் சிலும்பாது. கையுறை போடாதீர்கள், சுழலும் தலை அதைப் பிடித்து இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு இரண்டே நாளில் துருவேறும். வேலை முடிந்ததும் வளையங்களை மிஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு அத்தையின் தொட்டிக்குத் துளை போட வேண்டும். அவர்களுக்கு முக்கால் அங்குலக் குழாய்தான், 26 மி.மீ. வளையமும் கொஞ்சம் அரமும் போதும். ஆனாலும் கனெக்டரை முதலில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.