படிக்க வரும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்பது எம்மவர்க்குப் புதிதன்று. 1970களில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, வசதி படைத்த குடும்பங்கள் சில தம் பிள்ளைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிப் படிப்பித்தன. 1983இன் பின்னர் உயிர் காக்க ஓடிவந்தோர் தொகை பெருகியது. 2022இல் இலங்கை ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னரோ, மாணவராகக் கனடா வருவது பற்றிய பேச்சு எமது வீடுகளில் மீண்டும் எழுந்தது. "தம்பி, அங்கே ஒரு நல்ல கல்லூரி பார்த்துச் சொல்லு" என்று ஊரிலிருந்து அக்கா கேட்கிறார். நாம் சொல்லும் மறுமொழியில் அக்குடும்பத்தின் காணியும் நகையும் தங்கியிருக்கின்றன. எனவே, அறிந்து சொல்வது எமது கடமையாகும்.

அகதியும் மாணவரும்

எமது அனுபவத்தை அளவுகோலாகக் கொள்வது முதற் பிழை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரின் பிள்ளை ஒன்ராறியோவில் உள்ளூர் மாணவருக்குரிய கட்டணத்தையே செலுத்துகிறது; அரச மாணவர் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். கற்கை அனுமதியுடன் வரும் மாணவருக்கோ கட்டணம் பல மடங்கு. அந்தக் கடனும் இல்லை. "எங்கள் பிள்ளைகள் படித்து முடிக்கவில்லையா?" என்று நாம் தைரியம் சொல்லுமுன் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தனியாக வரும் மாணவர் முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய தொகை, 2023 வரை 10,000 டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. கியூபெக் மாகாணத்துக்குக் கணக்கு வேறு. கைமாற்றாகப் பெற்ற பணத்தை வங்கியிற் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்போரும் உளர். வங்கிக் கடிதம் விசாவைப் பெற்றுத் தரலாம். வீட்டு வாடகையைக் கட்டாது.

"வேலை செய்து கட்டலாம்" என்பர் முகவர். 2024 நவம்பர் முதல், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது விதி. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலராயிற்று. இரண்டையும் பெருக்கினால் வாரத்துக்கு 422 டொலர். கழிவுகள் அதற்குள் அடங்கும். வாடகைக்கும் உணவுக்கும் இது ஓரளவு உதவும்; கல்விக் கட்டணத்துக்குப் போதாது. விதியை மீறி மேலதிக நேரம் உழைப்பவர் தமது அனுமதியையே இழக்க நேரிடலாம்.

கல்லூரியைத் தெரிதல்

எல்லாக் கல்லூரிகளும் படிப்பின் பின்னரான தொழில் அனுமதிக்கு வழி திறப்பதில்லை. கற்கைநெறி குறைந்தது எட்டு மாதங்களாவது இருத்தல் வேண்டும். தனியார் கல்லூரிகளிற் பெரும்பாலானவை இதற்கு உதவா. அரச கல்லூரியின் பெயரில் தனியார் நடத்தும் வளாகங்களில் 2024 மே 15 முதல் சேர்ந்தோருக்கும் இவ்வனுமதி இல்லை. 2024 நவம்பர் முதல் மொழித் தேர்ச்சியும் கேட்கப்படுகிறது. பட்டப்படிப்பு அல்லாத கல்லூரிக் கற்கைகள் பலவற்றுக்குத் துறைக் கட்டுப்பாடும் வந்துள்ளது. முதுகலைப் பட்டம் பெறுவோருக்கு, படிப்புக் காலம் ஈராண்டுக்குக் குறைந்திருப்பினும், மூன்றாண்டு அனுமதி கிடைக்கும் வழியுண்டு. இவ்வனுமதி வாழ்நாளில் ஒருமுறையே வழங்கப்படுவது. ஆதலால், காசு கட்டுமுன் முகவரின் வாய்ச்சொல்லை விடுத்து, குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலில் கல்லூரியையும் கற்கைநெறியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

தொழிலின் முதற்படி

நிரந்தர வதிவுரிமைக்கான வழிகளுள் ஒன்று, கனடாவில் ஓராண்டு திறன்சார் தொழில் அனுபவம். முழுநேர மாணவராக இருக்கும்போது செய்த வேலை இக்கணக்கிற் சேராது. உறவினரின் கடையிற் கையிற் காசாக வாங்கிய சம்பளத்துக்குச் சான்றும் இராது. உதவுகிறோம் என்றெண்ணி இவ்வாறு வேலை கொடுப்பவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. ஊதியச் சீட்டையும் வேலைக் கடிதத்தையும் பாதுகாக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்த வேண்டும்.

படிப்புடன் தொழிற்பயிற்சி இணைந்த கற்கைநெறியைத் தெரிவது நன்று. வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியது முதல் இம்முறையைக் கைக்கொண்டு வருகிறது. படிக்கும்போதே தொழிலிடத்தை அறிந்த மாணவருக்குப் பின்னர் நேர்முகத் தேர்வு அச்சமூட்டுவதில்லை.

ஆசிரியப் பணியில் இருந்த நாளில் நாம் கண்ட ஓர் உண்மையுண்டு. பாடத்தில் தவறிய மாணவனை விட, அதனை வீட்டில் சொல்ல அஞ்சிய மாணவனே பெரிதும் இடர்ப்பட்டான். ஊரிற் கடன் இருக்க, இங்கே தனித்திருக்கும் பிள்ளைக்கு அவ்வச்சம் பன்மடங்கு. ஞாயிற்றுக்கிழமை ஒருவேளைச் சோற்றுக்கு அழைத்து, "படிப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்பதற்கு நமக்குப் பணம் வேண்டியதில்லை. உண்மையைச் சொல்ல ஒரு வீடு இருக்கிறது என்று அப்பிள்ளை நம்பினால், பாதி இடர் அங்கேயே தீரும். நாம் வந்திறங்கிய நாளில் எம்மை ஏற்றுக்கொண்ட வீடுகளை மறவாதிருப்போமாக.