தடியும் ஆயுதமா?

சென்னிமலை, கைத்தறிப் போர்வைக்குப் பெயர் போன ஊர். 1904-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அங்கே குமாரசாமி பிறந்தார். "கொடி காத்த குமரன்" என்று நாடு கொண்டாடுவது அவரைத்தான்.

1932-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி திருப்பூரில் ஊர்வலம் புறப்பட்டது. தடையை மீறிச் சிலர் நடந்தனர். குமரன் கையில் கொடி. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. போலீசார் தடி கொண்டு தாக்கினர். மண்டை உடைந்தது. கொடியை மட்டும் அவர் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

ஆளைக் கொன்ற அந்தத் தடி ஆயுதமா, இல்லையா?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கேட்டால் வேடிக்கையான பதில் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள் ஆயுதம் அல்ல என்கிறது சட்டம். அதற்கு உதாரணம் எது தெரியுமா? தடியும் கைத்தடியும்தான்!

இதிலும் நியாயம் உண்டு. ஆடு மேய்ப்பவர் கோலுக்கு லைசென்சு கேட்க முடியுமா? இருட்டில் தோட்டத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா?

கூட்டத்தில் வேறு கணக்கு

அதே தடி கூட்டத்துக்கு வந்தால் கதை மாறிவிடும். 5 பேரோ அதற்கு மேலோ குற்றம் செய்யும் நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். உயிரைப் பறிக்கக் கூடிய எந்தப் பொருளோடு அதில் நின்றாலும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. அரிவாளா, தடியா என்பது கேள்வி அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1860-ல் வந்த தண்டனைச் சட்டமும் இதையே சொன்னது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டமும் இதையே சொல்கிறது.

துப்பாக்கிக்கு லைசென்சு இருந்தால்? ஓட்டுப்பதிவு நாளன்று அதுவும் செல்லாது. ஊர்ப் பள்ளிக்கூடம் அன்று வாக்குச்சாவடி. அதன் பக்கத்தில் ஆயுதத்தோடு போனால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை பெற்றவரின் லைசென்சும் ரத்தாகும். தேர்தல் அதிகாரிகளுக்கும், காவலில் உள்ள போலீசாருக்கும் விலக்கு உண்டு. இந்த விதி 1996-ல் வந்தது.

தேர்தல் முடியும் வரை துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. காட்டோரத்து விவசாயி முணுமுணுக்கிறார். காட்டுப் பன்றிக்குத் தேர்தல் தெரியுமா, என்ன?

திங்கட்கிழமை வாசல்

அரசு அலுவலக வாசலில் இப்போது தேடுவது கத்தியை மட்டும் அல்ல.

2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி திங்கட்கிழமை. நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. தாய், தந்தை, இரண்டு பச்சைக் குழந்தைகள். நால்வரும் மாண்டனர். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்த குடும்பம் அது.

அடுப்பெரிக்க வாங்கும் மண்ணெண்ணெயை எந்த ஆயுதச் சட்டமும் ஆயுதம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு மனு நாட்களில் கலெக்டர் அலுவலக வாசல்களில் போலீசார் பையைத் திறந்து பார்க்கின்றனர். தண்ணீர்ப் பாட்டிலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மனுதாரரை உள்ளே விடுகின்றனர்.