கண்ணாடிக் கிண்ணமும் கறுப்பு ரப்பரும்

எங்கள் ஹெரால்டின் பெட்ரோல் பம்ப்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. பெரிய எலுமிச்சம்பழ அளவு இருக்கும். ஒரு கம்பி வளையமும் கையால் திருகும் நட்டும் அதைப் பிடித்திருக்கும். சின்ன வயதில் அப்பா பானெட்டைத் திறந்தாலே நான் அதைத்தான் பார்ப்பேன். பெட்ரோல் தெளிவாக இருந்தால் வண்டி ஓடும். உள்ளே தூசியோ துருவோ தேங்கியிருந்தால், “அடைச்சிருக்கு” என்பார் அப்பா. நோயாளியின் நாக்கைப் பார்த்துச் சொல்கிற வைத்தியர் மாதிரி.

ஹெரால்ட் இங்கிலாந்தில் 1959இல் பிறந்த கார். டிரையம்ஃப் கம்பெனிக்காக அதை வரைந்தவர் மிக்கேலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அதை நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். 948 சிசி எஞ்சின். முன்பக்கத்து மட்கார்டுகளையும் சேர்த்து பானெட் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அம்பாசடர்காரர்கள் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த காலத்தில் இது சின்ன பாக்கியமில்லை.

அப்பாவுக்கு வண்டி பார்த்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ராயப்பேட்டைச் சந்தொன்றில் வேப்பமரத்தடிதான் அவருடைய ஒர்க்‌ஷாப். பெட்ரோல் வரவில்லை என்றால் அவருக்குக் கருவிகூட வேண்டாம். பம்ப்பிலிருந்து டியூபைக் கழற்றுவார், வாயில் வைத்து டேங்க் பக்கமாக ஊதுவார். டிக்கியின் ஓரத்தில் இருக்கும் டேங்க் பக்கம் காதை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். உள்ளே குமிழி குளுகுளுவென்று கேட்டால் லைன் சுத்தம். கேட்கவில்லை என்றால் இன்னொரு ஊது, அதற்கும் மசியாவிட்டால் சைக்கிள் பம்ப். பிறகு கிண்ணத்தைக் கழற்றிப் பழைய பனியன் துணியில் துடைத்து, உள்ளே இருக்கும் சன்ன வலையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கார்க் வாஷரைத் திருப்பிப் போட்டு மூடுவார். அரை மணி நேரம். பெட்ரோலைத் துப்பிவிட்டு ஒரு டீ குடிப்பார். அவர் காதில் எப்போதும் ஒரு பீடி சொருகியிருக்கும். நல்லவேளை, பம்ப்பை மூடிய பிறகுதான் பற்ற வைப்பார். இன்று நினைத்தாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

ஃபில்டர் என்று தனியாக ஒன்று எங்கள் வண்டியில் கிடையாது. அந்த வலைதான் ஃபில்டர். நீண்ட பயணம் போகும்போது அப்பா ஒரு கேனில் பெட்ரோல் எடுத்துக்கொள்வார். ஊற்றும்போது புனலில் ஷாமி தோலை விரிப்பார். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. பங்க்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கறையில்லாமல் ஆவியானால் நல்ல பெட்ரோல். கறை நின்றால் மண்ணெண்ணெய் சேர்ந்திருக்கக்கூடும். அந்தப் பேப்பரை நாமும் கேட்டு வாங்கலாம், இன்றைக்கும் பங்க்கில் அது இருக்கவேண்டும். கேட்கிறவர்கள்தான் இல்லை.

லைனில் எதை மாட்டினாலும் அன்று ஓடியது. இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போனபோது பாய் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையிலிருந்து செப்புக் குழாய் வாங்கி வளைத்துப் போட்டார். செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பது அவருக்கும் தெரியும். “அதுவரைக்கும் ஓடும், தம்பி” என்பார். இணைப்புகளுக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். ஆறு மாதத்தில் மஞ்சளாகி, ஒரு வருடத்தில் கல்லாகிவிடும். நுனியை ஓர் அங்குலம் வெட்டி மறுபடி சொருகுவார். சித்திரை வெயிலில் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், ஈரத் துணியைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் நிழலில் நின்றால் போதும்.

நோய் எதுவானாலும் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, இல்லை வாயில் கசந்தது. இப்போது அதுதான் மாறிவிட்டது.

மாற்றம் காரில் வரவில்லை, பெட்ரோலில் வந்தது. 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் போயிற்று. அது வால்வுகளின் கவலை, குழாய்களைத் தொடவில்லை. குழாய்களுக்கு ஆபத்து எத்தனாலில் வந்தது. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இரண்டே வருடத்தில் அதுதான் சாதாரணப் பெட்ரோல் என்றாகிவிட்டது. கரும்புக்காரருக்கு வருமானம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள். இருக்கட்டும். அறுபதுகளின் ரப்பரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

எத்தனாலுக்கு மூன்று குணம். பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்து உப்ப வைக்கும், காய்ந்தால் வெடிக்க வைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கித் துருவை வளர்க்கும். மூன்றாவது, அது நல்ல கரைப்பான். நாற்பது வருடமாக டேங்க்கின் சுவரில் அரக்குபோல ஒட்டிக்கிடந்த பழைய பெட்ரோல் பிசினைக் கழுவிக் கொண்டுவந்து லைனில் சேர்த்துவிடும்.

அப்பா போன பிறகு வண்டி ஏழு வருடம் தார்ப்பாய்க்கடியில் நின்றது. போன வருடம் எடுத்தேன். இணைப்பு ரப்பர்கள் வெளியே பார்க்கப் பளபளவென்று கறுப்பாக இருந்தன. கடைசியாக யாரோ மாற்றிய புது ரப்பர்தான். அதை விரலால் மடக்கினேன். உள்சுவர் சேறுபோலக் கறுப்பாக விரலில் ஒட்டியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் பல்லாவரத்தில் ஷெட் வைத்திருக்கிறார். என்னை அங்கிள் என்பார், பீடி சிகரெட் எதுவும் கிடையாது. வேலைக்கு முதல்படியாக பேட்டரி வயரைக் கழற்றினார். வண்டியைக் குழி மேல் நிறுத்த விடவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும் என்றார். டேங்க்கை இறக்கி வெயிலில் கவிழ்த்தார். காப்பித்தூள் நிறத்தில் துரு கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்தது பாதி படிப்பு வேலை. கேலிப்பரால் குழாயை அளந்தார். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர், அதற்கு 6 மி.மீ. ரப்பரை இழுத்து ஏற்றலாம். ஐந்தின் கீழ் பதினாறு என்றால் 7.94, அதற்கு 8 மி.மீ. சரி. கண் அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் கசியும். பிறகு ரப்பரின் உடம்பில் அச்சடித்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார்: எஸ்ஏஇ ஜே30 ஆர்9. உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பர், எத்தனால் தின்னாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். “பெட்ரோல் டியூப்” என்று கேட்டால் எடுத்து நீட்டியவற்றில் பலவற்றில் எழுத்தே இல்லை. எழுத்து இருந்தவற்றிலும் எல்லா எழுத்தும் உண்மைதானா என்று எதை வைத்துச் சொல்வது? கடைசியில் வெளியூரிலிருந்து தருவித்தோம். பம்ப்புக்கான டயாஃப்ரம் கிட் இங்கிலாந்திலிருந்து வந்தது. வண்டலூரில் செய்த காருக்கு.

கிளிப்பிலும் பிடிவாதம். பல் வெட்டிய திருகு கிளிப் சன்ன ரப்பரைக் கடித்துவிடும் என்று, உள்பக்கம் வழவழப்பான பட்டைக் கிளிப்தான் போட்டார். செப்புக் குழாய் போய், செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வந்தது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே, அம்புக்குறி பம்ப்பைப் பார்க்கும்படி, ஒரு ஃபில்டர். கண்ணாடி உடம்பு ஃபில்டர் வாங்கலாமே, உள்ளே தெரியுமே என்றேன். தலையை ஆட்டினார். “உடைஞ்சா பெட்ரோல் எங்க போகும், அங்கிள்?” கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். தகர உடம்பு ஃபில்டரைப் போட்டோம். உள்ளே என்ன நடக்கிறதென்று இனி யாருக்கும் தெரியாது.

இது பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். பாய் வாயால் பெட்ரோல் டியூபை ஊதிய காலம் திரும்ப வேண்டாம். ஆனாலும் ஒரு குறை. அன்று வண்டிக்கு என்ன என்று பத்து வயதுப் பையன் நானே சொல்லிவிடுவேன். இன்று ரப்பரின் மேல் எவனோ அச்சடித்த எழுத்தை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் போகிறேன்.

கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் மாற்ற நான் விடவில்லை. கார்க் வாஷருக்குப் பதில் புது ரப்பர் வாஷர், அவ்வளவுதான். பம்ப்பைக் கையால் அடிக்கும் நெம்புகோலை அவர் டக் டக்கென்று தட்டினார். பதினைந்தாவது தட்டில் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது.

முந்நூறு கிலோமீட்டரில் வண்டி இழுவை குறைந்தது. பழைய பிசின் கரைந்து வந்து ஃபில்டரை அடைத்திருந்தது. வரும் என்று அவர் முன்பே சொல்லி, கையில் இன்னொன்று கொடுத்து அனுப்பியிருந்தார். இரண்டாவது ஆயிரம் கிலோமீட்டர் தாங்கியது. இப்போது ஓடுவது மூன்றாவது. அதன் தகர முதுகில் மாட்டிய தேதியை வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். ரப்பருக்கும் தேதி போட்டிருக்கிறார், நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் கழற்றி எறியவேண்டுமாம். கிண்ணத்துக்குத் தேதி கிடையாது. காலையில் பானெட்டைக் கவிழ்த்து, டயர் மேல் உட்கார்ந்து, அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறேன்.